மெனு அட்டையை மூடி வையுங்கள்

பிரஸ்ஸரி என்று பாரிஸில் அழைக்கும் பெரிய உணவகங்களின் குசினிகளில் (சமையலறைகளில்) இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவன் நான். கோப்பை கழுவுவதில் தொடங்கி, குளிர் உணவுப் பகுதிக்கு வந்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் சூப்பும் சாஸும் என் பொறுப்பில் இருந்தன. சென்ற இதழில் அந்த உணவகங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சென்ற கோடையில் பாரிஸ் போயிருந்தோம். பித்தளைக் கம்பியும் பெரிய கண்ணாடிகளுமாக மின்னிய ஒரு பிரஸ்ஸரியில் நால்வரும் போய் உட்கார்ந்தோம். மெனு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போன வெயிட்டர் இருபத்தைந்து நிமிடம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் போன இன்னொருவரை, கேள்விப்பட்டிருந்தபடி ‘கர்ஸோன்’ என்று கூப்பிட்டேன். முகம் சுளித்துவிட்டுப் போனார். நிறத்தைப் பார்த்துத்தான் அப்படி நடத்தினார்கள் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (வாசகி, சென்னை)

பதில்: அம்மா, உங்கள் கணவரின் மனவருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறம் பார்க்கும் வெயிட்டர் பாரிஸில் இல்லவே இல்லை என்று எழுதினால் அது பொய். அப்படிப்பட்ட இருவருடன் நானே வேலை செய்திருக்கிறேன். ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த இருபத்தைந்து நிமிடமும் மெனு அட்டை உங்களில் ஒருவர் கையிலாவது விரிந்தபடி இருந்ததா?

விரிந்த அட்டைக்கு ‘இன்னும் யோசிக்கிறோம்’ என்று அர்த்தம். மூடி மேசையில் வைத்த அட்டைக்கு ‘வாருங்கள், சொல்கிறோம்’ என்று அர்த்தம். பிரான்ஸில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். யோசித்துக்கொண்டிருப்பவர் தலைமாட்டில் போய் நிற்பது அநாகரிகம் என்று அந்த வெயிட்டருக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். நால்வரில் ஒருவர் இனிப்புப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் போதும், அவர் தூணோரம் காத்துக்கொண்டே நிற்பார். உங்களுக்கு அது அலட்சியமாகத் தெரிந்திருக்கும். அவர் அதை மரியாதை என்று நினைத்திருப்பார்.

நீங்கள் இன்னொருவரைக் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய பிரஸ்ஸரியில் மேசைகளை வரிசை வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் ஒருவர் பொறுப்பில் விடுவார்கள். அந்த வரிசைக்கு ‘ரான்’ என்று பெயர். அடுத்த ரானின் மேசையில் ஆர்டர் எடுப்பது சக ஊழியரின் இலையில் கை வைப்பது போல. உங்களை உட்கார வைத்தவரின் முகத்தையும், முதலில் வந்து பேசியவரின் முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் கேளுங்கள்.

‘கர்ஸோன்’ என்றால் பையன். கண்ணைப் பார்த்து, கையைச் சற்றே தூக்கி, ‘மெஸ்யே, சில் வூ ப்ளே’ (ஐயா, தயவுசெய்து) என்று சொன்னால் போதும். பெண்ணாக இருந்தால் ‘மதாம்’. அந்த மனிதர்களின் தொழில் பெருமையை நான் அருகிலிருந்து பார்த்தவன். கறுப்பு அரைக்கோட்டின் ஒவ்வொரு பைக்கும் ஒரு வேலை உண்டு: சில்லறைக்கு ஒன்று, தக்கை திறப்பானுக்கு ஒன்று, பென்சிலுக்கு ஒன்று. வெள்ளை ஏப்ரன் கணுக்கால் வரை இறங்கும். முப்பது ஆண்டுகளாக அதே வேலையைச் செய்யும் ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் ‘பையா’ என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் முகம் மாறாது? இவர்களுக்கென்று பாரிஸ் தெருக்களில் ஒரு பந்தயமே உண்டு. 1914-இல் தொடங்கிய அந்தப் போட்டி நடுவில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2024 மார்ச்சில் மீண்டும் நடந்தது. தட்டில் ஒரு கோப்பை காப்பி, ஒரு க்ருவாஸோன், ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர். ஓடக் கூடாது, வேகமாக நடக்கலாம். இரண்டு கிலோமீட்டரும் தண்ணீர் சிந்தாமல் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ‘போன்ஜூர்’, அதாவது வணக்கம். இருட்டிய பிறகு ‘போன்ஸுவார்’. கேள்வியை நேரடியாக ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு சொல் இல்லாமல் பேச்சைத் தொடங்குவது, செருப்போடு வீட்டுக்குள் நுழைவதற்குச் சமமாக அங்கே எடுத்துக்கொள்ளப்படும். காலியாக இருக்கிறதே என்று நீங்களாகப் போய் எந்த மேசையிலும் உட்காராதீர்கள். வாசலில் நின்றால் ஒருவர் வந்து, எத்தனை பேர் என்று கேட்டு அழைத்துப் போவார்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒருவர் உங்களை அவமதித்தால், எழுந்து வந்துவிடுங்கள். சாப்பாடு வரும் முன் எழுந்து போனால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

கேள்வி: பிரஸ்ஸரி, பிஸ்த்ரோ, கஃபே, ரெஸ்டாரன்ட் எல்லாம் ஒன்றுதானே? பெயரில் மட்டும்தான் வேறுபாடா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இப்போது எல்லாரும் எல்லாப் பெயரையும் பலகையில் எழுதிவிடுகிறார்கள் என்பது உண்மை. பழைய கணக்கின்படி அவை வேறு வேறு. ‘பிரஸ்ஸே’ என்றால் பியர் காய்ச்சுதல். பிரஸ்ஸரி என்பது பியர் காய்ச்சும் இடம். பாரிஸுக்கு இந்த வகை உணவகத்தைக் கொண்டுவந்தவர்கள், ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ் பகுதி மக்கள். 1864-இல் கோல்மார் நகரத்திலிருந்து வந்த பிரெதெரிக் போஃபிங்கர் பஸ்தீய் சதுக்கத்துக்கு அருகே கடை போட்டார். பாரிஸில் குழாயில் இறக்கிய பியரை முதலில் ஊற்றியது தாங்களே என்று அந்தக் கடையில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். 1870-இல் மூண்ட போரில் பிரான்ஸ் தோற்றது, அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போனது. ஜெர்மன் ஆட்சியில் இருக்க மனமில்லாதவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பாரிஸ் வந்தார்கள். 1880-இல் லெயோனார் லிப் என்ற அல்சாஸ்காரர் சான் ஜெர்மான் பெருவீதியில் திறந்ததுதான் இன்றைய பிரஸ்ஸரி லிப்.

அதனால்தான் பாரிஸின் மிகப் பாரிஸ்தனமான உணவகத்தில் பிரதான உணவு அல்சாஸின் ஷூக்ரூத். பூப்போலச் சீவிய முட்டைக்கோஸை உப்போடு அடுக்கி, வாரக்கணக்கில் புளிக்க விட்டு, வெள்ளை ஒயினில் வேக வைத்து, மேலே பன்றி இறைச்சியும் சாசேஜும் உருளைக்கிழங்கும் அடுக்கித் தருவார்கள். ஊரை இழந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை விற்றுப் பிழைத்தார்கள். அவர்கள் பெயரில்தான் இந்த வகை உணவகமே நிலைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்த எனக்கு இந்தக் கதை சொந்தக்காரர் வீட்டுக் கதை போலத்தான் பட்டது.

நடைமுறையில் நீங்கள் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்றுதான். சாதாரண ரெஸ்டாரன்டில் மதியம் இரண்டரை மணிக்குக் குசினி மூடினால் மாலை ஏழுக்குத்தான் திறக்கும். பிரஸ்ஸரியில் அடுப்பு அணைவதில்லை. மாலை நான்கு மணிக்குப் போனாலும் சூடான சாப்பாடு கிடைக்கும். விமானம் இறங்கிப் பசியோடு நிற்பவருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

கேள்வி: நாங்கள் சைவம். என் மாமியார் முட்டையும் சாப்பிட மாட்டார். பிரஸ்ஸரியில் எங்களுக்கு என்ன இருக்கிறது? வெங்காய சூப் சைவம்தானே? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: இல்லை. இந்த ஒரு பதிலை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். வெங்காய சூப் சைவம் இல்லை.

ஒன்பது ஆண்டுகள் அந்த சூப்பை நான் செய்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு இருபது கிலோ வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, அகலமான பாத்திரத்தில் வெண்ணெய் உருகியதும் கொட்டுவேன். முதல் கால் மணி நேரம் தண்ணீர்தான் விடும். அது வற்றிய பிறகு வைக்கோல் நிறம் வரும், பிறகு தேன் நிறம். அங்கிருந்துதான் கவனம் வேண்டும். அடியில் பிடிக்கும் பழுப்பை மரத்துடுப்பால் சுரண்டிச் சுரண்டி வெங்காயத்தோடு சேர்க்க வேண்டும். ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால் கசந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு வெள்ளை ஒயின் ஊற்றி அடியைக் கரைத்து, அதன் மேல் மாட்டெலும்பு வேக வைத்த சாறு. கிண்ணத்தில் ஊற்றி, முதல் நாள் ரொட்டியை வாட்டி மிதக்க விட்டு, மேலே துருவிய சீஸ். மேல்நெருப்பு அடுப்பில் வைத்தால் சீஸ் கொப்புளித்து, கிண்ணத்தின் விளிம்பில் வழிந்து கருகும். அந்தக் கருகலை கத்தி முனையால் பெயர்த்துத் தின்பவர்தான் சூப்பை அறிந்தவர். ஆனால் அம்மா, அடியில் இருப்பது மாட்டுச் சாறு. சில இடங்களில் காய்கறிச் சாறில் செய்கிறார்கள். கேட்காமல் நம்பாதீர்கள்.

உங்களுக்குப் பொருத்தமானவை இவை. வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த லீக்ஸ் தண்டை வேக வைத்துக் குளிரச் செய்து, கடுகும் வினிகரும் எண்ணெயும் கலந்த சாஸ் ஊற்றித் தரும் ‘புவாரோ வினேக்ரெத்’. அதன் மேல் சிலர் அவித்த முட்டையைத் துருவித் தூவுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட். பீட்ரூட் சாலட். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஆம்லெட் உண்டு, முட்டை மயோனேஸ் உண்டு. எளிய முட்டை மயோனேஸ் மெனுவிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்று பிரான்ஸில் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள், ஆண்டுதோறும் போட்டியும் உண்டு. மாமியாருக்கு மயோனேஸ் ஆகாது, அதில் வேகாத முட்டை மஞ்சள் கரு இருக்கிறது. இனிப்பில் அவருக்குப் பழச் சர்பத் ஐஸ்தான் ஓரளவு நம்பிக்கையானது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். க்ரெம் ப்ரூலே, சாக்லேட் மூஸ், மிதக்கும் தீவு என்ற பெயர் கொண்ட ‘ஈல் ஃப்ளோதாந்த்’ எல்லாம் முட்டையால் ஆனவை.

சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். கோந்தே, ரோக்ஃபோர் போன்ற மரபுச் சீஸ்களில் பால் உறைவதற்குக் கன்று போன்ற இளம் விலங்குகளின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். உருளைக்கிழங்கு வறுவலையும் சில குசினிகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள்.

‘வெஜித்தாரியன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ‘மீன் சாப்பிடுவீர்கள் அல்லவா?’ என்று அன்போடு கேட்பார்கள். ‘ஸான் வியாந்த், ஸான் புவாஸோன்’ என்று சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள். வெயிட்டர் உள்ளே போய்க் கேட்டு வருவார். வந்து கேட்டால் நாங்கள் சரியாகத்தான் சொல்வோம். கேட்காமல் விட்டவர்களுக்குத்தான் எத்தனையோ முறை மனம் பதறியிருக்கிறேன்.

கேள்வி: மாட்டிறைச்சியும் பன்றியும் மட்டும் தவிர்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: ‘பெஃப்’ மாடு, ‘போர்’ பன்றி. இவை பலருக்கும் தெரியும். தவறுவது ‘வோ’ என்ற சொல்லில். வோ என்றால் கன்றுக்குட்டி. வெள்ளைச் சாஸில் மிதக்கும் ‘பிளான்கெத்’ கோழியல்ல, கன்று. பழுப்புச் சாஸ் எதைக் கண்டாலும் அதில் கன்றின் எலும்புச் சாறு இருக்கக்கூடும், கோழி, மீன் தட்டுகளிலும்கூட. பன்றி ஒளிந்திருப்பது ‘லார்தோன்’ என்ற சின்னச் சின்னத் துண்டுகளில். சாலடிலும், பருப்பிலும், கீஷ் லொரேன் என்ற முட்டைப் பதார்த்தத்திலும், ஒயினில் வேகும் கோழியிலும் அது வரும். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களின் விவரத்தை உணவகம் எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியலில் இறைச்சி வகைகள் கிடையாது. எனவே வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டும்.

கேள்வி: சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடுகிறார்களே, பயமில்லையா? ஒருமுறை முயன்று பார்க்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உடல் நலமுள்ளவர் என்றால் கட்டாயம் முயலுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தொடக் கூடாது.

வாசலுக்கு வெளியே பனிக்கட்டியும் கடற்பாசியும் பரப்பிய மேசைக்குப் பின்னால் ரப்பர் ஏப்ரனோடு நிற்பவர் ‘எக்காயே’. சிப்பி திறப்பது மட்டும்தான் அவர் தொழில். குளிர் உணவுப் பகுதியில் இருந்தபோது டிசம்பர் மாதங்களில் என்னை அவருக்கு உதவியாக அனுப்புவார்கள். இடது உள்ளங்கையில் மடித்த துணி, அதன் மேல் சிப்பி, குழிந்த பக்கம் கீழே. குட்டைக் கத்தியைப் பக்கவாட்டில் நுழைத்தால், உள்ளே ஓட்டைப் பிடித்திருக்கும் தசை தட்டுப்படும். அதை அறுத்த கணத்தில் ஓடு தளரும், கை அதை உணரும். முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சற்று நேரத்தில் சிப்பி தானே மீண்டும் நீர் விடும், அந்த இரண்டாவது நீரில்தான் சுவை. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் கறுத்த ஓரம் சுருங்கும். சுருங்கினால் உயிரோடு இருக்கிறது, சாப்பிடலாம். அசைவில்லாததை, மணம் கெட்டதை ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மெனுவில் சிப்பிக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட அளவு சிறியது. 5 சிறியது, 0 மிகப் பெரியது. முதல் தடவைக்காரர் பெரிய எண்ணாகப் பார்த்து எடுங்கள், 4 நல்லது. ஆறு போதும். பிரான்ஸின் மேற்குக் கரையிலுள்ள மாரென் ஒலெரோன் பகுதியின் பழைய உப்பளக் குட்டைகளில் வளர்த்தெடுத்தவற்றில் சில இளம்பச்சையாக இருக்கும். அது கெட்டுப்போனதல்ல, அந்தக் குட்டையின் நுண்பாசி தந்த நிறம். உங்கள் ஊர்க்காரருக்குக் கடல் மணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒருவருக்கு எவ்வளவு ஆகும்? டிப்ஸ் எத்தனை சதவீதம்? தண்ணீருக்குக்கூடப் பணம் வாங்குவார்களாமே? (வாசகர், டொராண்டோ)

பதில்: பழைய பெரிய பிரஸ்ஸரிகளில் ஒரு பிரதான உணவு 20 முதல் 35 யூரோ வரை. மூன்று வகையும் ஒரு கிளாஸ் ஒயினும் என்றால் 50 முதல் 70 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். மதிய நேரத்தில் ‘ஃபோர்முல்’ என்று எழுதியிருக்கும் இரண்டு வகைச் சேர்க்கை நல்ல மலிவு. இங்கே ஒரு குழப்பம்: பிரெஞ்சில் ‘மெனு’ என்றால் நிலையான விலையில் வரும் தொகுப்பு. நாம் மெனு என்று சொல்லும் அட்டைக்கு ‘கார்த்’ என்று பெயர். ‘ஆந்த்ரே’ என்பது முதல் சிறு தட்டு, பிரதான உணவல்ல. ஒரு தட்டு மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அதற்காகத்தான் பிரஸ்ஸரி.

சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது 1987 முதல் விதி. வரியும் உள்ளே. அட்டையில் 24 யூரோ என்றால் கொடுக்க வேண்டியதும் 24 யூரோ. சதவீதக் கணக்குப் போட்டுத் தவிக்காதீர்கள். மனம் நிறைந்தால் இரண்டு மூன்று யூரோ நாணயத்தை மேசையில் விட்டு வாருங்கள்.

‘தண்ணீர்’ என்று மட்டும் கேட்டால் சாதாரணமா, காற்றடைத்ததா என்று கேட்டு விலையுள்ள பாட்டிலைக் கொண்டுவருவார். ‘யூன் கராஃப் தோ’ (ஒரு ஜாடித் தண்ணீர்) என்று கேளுங்கள். சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசம். அது கிடைக்கும் என்பதை உணவகம் எழுதி வைக்க வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. ரொட்டியும் இலவசம். மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லவும் 2021 முதல் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கும்வரை பில் வராது, நீங்கள் எழுந்து போக வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுத்துவதில்லை. ‘லாதிஸியோன், சில் வூ ப்ளே’ (பில், தயவுசெய்து) என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: மகன் ஸ்டேக் கேட்டான். ரத்தத்தோடு வந்தது. திருப்பி அனுப்பினால் தப்பா? (வாசகி, லண்டன்)

பதில்: தப்பில்லை. ஆனால் ஆர்டர் எடுக்கும்போதே கேட்டிருப்பார்கள். ‘ப்ளே’ என்றால் வெளியே மட்டும் சுட்டது, ‘செய்ஞான்’ உள்ளே சிவப்பு, ‘ஆ புவான்’ நடுவில் இளஞ்சிவப்பு, ‘பியேன் குயி’ முழுக்க வெந்தது. மற்ற நாடுகளின் கணக்கைவிட இங்கே ஒவ்வொன்றும் ஒரு படி குறைவாகத்தான் வரும். தட்டில் ஓடிய சிவப்பு நீர் ரத்தமல்ல, தசையின் நிறப் புரதம் கலந்த சாறு. ‘தர்தார்’ என்று கண்டால் அது முழுக்கப் பச்சை இறைச்சி, அதைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும் முன் யோசியுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பாரிஸுக்கு வந்து எட்டு மாதம். ஒரு பிரஸ்ஸரியில் கோப்பை கழுவுகிறேன். ஊரில் கணக்கியல் படித்தவன். அம்மாவிடம் உணவகத்தில் ‘வேலை’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இதிலேயே என் காலம் போய்விடுமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை. (பெயர் வேண்டாம், பாரிஸ்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

1996-இல் நான் நின்ற இடத்தில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள். ஒரு ரயில் நிலையத்துக்கு அருகே, நிலவறையில், ஜன்னல் இல்லாத அறை. மெஷின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் நீராவி. தட்டுகளின் சூடு ரப்பர் கையுறையைத் தாண்டி விரலில் ஏறும். படிக்கட்டின் மேலிருந்து ‘ஷோ தெவான்!’ என்று குரல் வரும். ‘சூடு வருகிறது, விலகு’ என்று பொருள். பிரெஞ்சில் நான் முதலில் கற்ற வாக்கியம் அது. பொருள் புரியும் முன்பே சுவரோடு ஒட்டி நிற்க உடம்பு பழகிவிட்டது.

இரண்டாவது பாடத்தை எனக்கு எச்சில் தட்டுகள் கற்பித்தன. சீப்பு போல ஒரு முள் மட்டும் மிஞ்சினால் அது ‘சோல்’ மீன். ஆறு குழி போட்ட தட்டில் பச்சை வெண்ணெய் ஒட்டியிருந்தால் நத்தை. பழுப்புக் கறையோடு வெங்காய நூல் கிடந்தால் அந்த சூப். எது காலியாக வருகிறது, எது பாதி மிஞ்சி வருகிறது என்று பார்த்துப் பார்த்து, எந்தச் சமையல்காரர் அன்றைக்கு நிதானமாக இருந்தார் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒருநாள் வினேக்ரெத் சாலட் எல்லாம் பாதி பாதியாகத் திரும்பி வந்தது. மேலே போய் எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். கடுகு போட மறந்திருந்தார்கள். குளிர் உணவுப் பகுதியின் தலைவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அடுத்த மாதம் கீரை கழுவ மேலே அழைத்துக்கொண்டார். எனவே தட்டைப் பார்க்காமல் கழுவாதீர்கள், தம்பி. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் முழு உணவகமும் தெரியும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். சம்பளச் சீட்டுகளை ஒன்று விடாமல் வைத்திருங்கள், ஓய்வூதியம் வரை அவைதான் பேசும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாரம் இரண்டு நாள் ஓய்வு உங்கள் உரிமை, சலுகை அல்ல. மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போங்கள். மேலே ஏறிச் சில காலம் சமைத்த பிறகு, தனியாகப் படித்து ‘சி.ஏ.பி.’ சமையல் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். செய்த வேலையின் அனுபவத்தையே மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் இருக்கிறது, அதற்கு ‘வி.ஏ.இ.’ என்று பெயர். கணக்கியல் படித்தவர் நீங்கள். சரக்கு வாங்குவது, விலை போடுவது, வீணாவதைக் கணக்கிடுவது எல்லாம் குசினியில் கணக்குத் தெரிந்தவர் கிடைக்காமல் தடுமாறும் வேலைகள். 2023-இல் பாரிஸின் சிறந்த பாகெத் ரொட்டிக்கான பரிசை வென்று, ஓராண்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி தந்தவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து வந்த நம்மவர்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள். முந்நூறு பேர் சாப்பிட வரும் இடத்தில் நீங்கள் ஒருநாள் வராவிட்டால் எட்டரை மணிக்குத் தட்டு தீர்ந்துவிடும். நான் ஏழு வருடம் மறைத்தேன், என் அம்மா அதை வேறொருவர் வாயால் கேட்டார். அவருக்கு வலித்தது நான் செய்த வேலையல்ல, மறைத்ததுதான்.

கேள்வி: ஒரே ஒரு மாலைதான் பாரிஸில். எந்தப் பிரஸ்ஸரிக்குப் போகலாம்? நீங்களே வாடிக்கையாளராக முதலில் போய் உட்கார்ந்தது எங்கே? (தம்பதியர், மதுரை)

பதில்: கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் பாரிஸிலேயே உள்ள லியோன் ரயில் நிலையத்தின் மாடியில் இருக்கும் ‘த்ரான் ப்ளே’. 1901-இல் திறந்த மண்டபம், சுவரும் கூரையும் ரயில் போகும் ஊர்களின் ஓவியங்கள். விலை அதிகம், ஒரு காப்பிக்காகவாவது ஏறிப் பாருங்கள். போஃபிங்கரில் கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கூரையின் கீழ் மேசை கேளுங்கள். மொன்பர்னாஸின் ‘கூப்போல்’ 1927-இல் திறந்தது, ஓவியர்கள் தீட்டிய தூண்களுக்கு நடுவே அத்தனை இரைச்சலிலும் நிம்மதியாகச் சாப்பிடலாம். பணம் குறைவென்றால் 1896-இலிருந்து நடக்கும் ‘பூய்யோன் ஷார்த்தியே’. அது பிரஸ்ஸரி அல்ல, தொழிலாளர்களுக்குத் தொடங்கிய மலிவு உணவகம். மேசைத் தாளிலேயே கணக்கு எழுதிக் கூட்டுவார்கள், பக்கத்து மேசைக்காரரோடு முழங்கை இடிக்கும், ஆனால் மனம் நிறையும். என் ஓட்டு போஃபிங்கருக்கு.

நான் முதலில் உட்கார்ந்தது 2002 பிப்ரவரியில், வட ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ‘தெர்மினுஸ் நோர்’ உணவகத்தில். லா ஷப்பேல் தமிழ்க் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் அதன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நடந்தவன் நான். யூரோ நாணயம் வந்து இரண்டாவது மாதம். மனைவியின் கைப்பையில் புது நாணயங்களும் பழைய பிராங்கும் கலந்து கிடந்தன. அவளைச் சுவரோரத் தோல் இருக்கையில் உட்கார வைத்தார்கள், அங்கிருந்துதான் மண்டபம் முழுவதும் தெரியும். எனக்கு எதிரே நாற்காலி. அட்டையை மூடி வை என்று அவளிடம் சொன்னேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, வெயிட்டர் வந்து ‘போன்ஸுவார் மதாம், போன்ஸுவார் மெஸ்யே’ என்றார். இரண்டு வெங்காய சூப் சொன்னேன்.

சூப் வந்து, சீஸை உடைத்து, முதல் கரண்டியை ஊதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் குசினிக் கதவு திறந்தது. ‘ஷோ தெவான்!’ என்றது ஒரு குரல். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைச் சுவர் பக்கம் இழுத்துக்கொண்டேன். “என்ன, யாராவது வருகிறார்களா?” என்று கேட்டாள் மனைவி.